இளமதி ரூம்

மேடம், உங்கள் வீட்டில் வைஃபை போடுகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து ஒயர் இழுத்துப் போடுங்கள். ஹாலில் ஒரு பெட்டி வைத்தால் வீடு முழுக்க எட்டும் என்று கடையில் சொல்வார்கள். எட்டாது. எங்கள் வீட்டில் எட்டவில்லை. என் வீட்டுக்காரர் பரசுராமன் காக்களூரில் வீடு கட்டியபோது, மேஸ்திரி கேட்டதற்கு மேலேயே கம்பி வாங்கிப் போட்டு, சிமெண்டையும் தாராளமாகக் கொட்டி, பூகம்பம் வந்தாலும் அசையாது என்று மார்தட்டிக்கொண்டவர். பூகம்பம் இன்றுவரை வரவில்லை. வைஃபைதான் சுவரைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் ஒயர் இழுத்த பீட்டர் மேல் அவர் கொடுத்த புகாரைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. காபி நன்றாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் இப்படி ஒரு காபி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வைஃபை போட்ட கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். அவசரம் இல்லையே?

என் மகள் இளமதி இன்ஜினியரிங் படித்தவள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வரைவாள். பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அறை மாடியில். அங்கே நெட் வராது. அதனால் மாடிப்படியில் நடுவாக உட்கார்ந்துகொண்டு மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்வாள். துவைத்த துணி பக்கெட்டோடு நான் அவளைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்குப் போகவேண்டும்.

"ஏண்டி, ஊட்ல இவ்ளோ எடம் கீது, படிக்கட்டுல குந்திகினு இன்னாடி வேலை?"

"ஹால்ல டிவி சத்தம்மா. மேல இங்க வரைக்கும்தான் ரெண்டு கோடு வருது. நவுந்தா பூடும்."

எனக்குப் பாவமாக இருந்தது. தேர்வாய் கண்டிகையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் போய், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து வருகிற ஆள். வீட்டில் எது நடந்தாலும் நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பொண்ணு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க சகிக்கவில்லை என்று சொன்னேன். எஸ்டேட் கம்பெனிகளுக்கெல்லாம் கேமரா ஒயர் இழுத்துக்கொண்டிருந்த பீட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பீட்டர் நல்ல விவரமான பையன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். "அக்கா, இது ஒயர் மெஷ்ஷு. ஹால்ல ஒரு பொட்டி, மாடில ஒரு பொட்டி, பாப்பா ரூம்ல ஒரு பொட்டி. காத்துல பேசிகினா செவுரு தடுக்கும். அதனால ஒன்னுக்கொன்னு ஒயர்லயே பேசிக்கும். நீ போன் பேசிகினே கீழேர்ந்து மாடிக்கு ஏறு, ஒரு வார்த்தை உடாது." சொன்னபடியே செய்தான். வெளிச்சுவர் ஓரமாக வெள்ளைக் குழாய்க்குள் ஒயரை விட்டு, மேலே கொண்டுபோய், மூன்று பெட்டிகளையும் மாட்டினான். எல்லா ஒயரும் வந்து சேருகிற தலைப்பெட்டியைச் சமையல்கட்டு அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். வேறு யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆப் உண்டு. யார் போனில் போடுவது என்று பீட்டர் கேட்டான். அவருக்கு நேரம் இல்லை. இளமதிதான் சொன்னாள்: "அம்மா போன்லயே போடுங்கண்ணா. அவங்கதான் எப்பவும் ஊட்ல கீறாங்க." அவள் வாயால் சொன்னது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் மாடிக்குப் போன பிறகு பீட்டர் எனக்குப் பாடம் எடுத்தான். ஆப்பில் மூன்று பெட்டிக்கும் பெயர் வைத்திருந்தான். ஹால், மாடி, இளமதி ரூம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். "இத்த அமுக்குனா அந்த ரூம் மட்டும் நின்னுபூடும். சில ஊட்ல பசங்க சாப்ட வராதுங்க பாரு, அதுக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வயதுப் பெண் சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இருக்கிற வீடு எங்கள் வீடும்தான்.

அன்று சாயங்காலமே தோசை வார்த்துவிட்டு, மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்து, அமுக்கினேன். தொம் தொம் என்று இறங்கி வந்தாள். "நெட்டு போச்சும்மா." போனால் போகட்டும், தோசை சூடாக இருக்கிறது என்றேன். தட்டை வாங்கிக்கொண்டு அடுப்பு மேடையிலேயே ஏறி உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே நாலு தோசை சாப்பிட்டாள். எத்தனை நாளாயிற்று அப்படிப் பேசி! அவள் கைகழுவியதும் நெட்டைத் திரும்ப விட்டேன். பொத்தான் சங்கதியை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அந்தத் தோசையின் ருசி போய்விடும். வேறு காரணம் இல்லை.

என் மகன் அன்புராஜைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததே எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நெட்டில் பேசித்தான். அன்று கேசரி கிளறியவளே நான்தான். போய்விட்டான். முதலில் தினமும் கூப்பிட்டான், பிறகு ஞாயிறு, இப்போது பண்டிகை. "இன்னாமா, நல்லாக்கீறியா" என்பான், நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள். பிள்ளை ஒரு பெட்டி வழியாகப் போனான், அதே பெட்டி வழியாகத் தலையை மட்டும் காட்டுகிறான். என் வயிறு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அப்போதுதான் இளமதிக்கு புனேயில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்தது. நெட்டிலேயே பேசினால் போதும். கிடைத்தால் அங்கே போய்விட வேண்டும். அவள் அந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு என்றாள். வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் உங்களுக்கே தெரியும், சுத்தமான ராகு காலம். அந்த நேரத்தில் நான் புது அரிசி மூட்டையைக்கூடப் பிரிக்க மாட்டேன். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேள் என்றேன்.

"புனேல ராகு காலம்லாம் கெடையாதும்மா," என்று சிரித்தாள்.

"அங்க மட்டும் வேற சூரியனா?" என்றார் அவர். அவருக்கு வாய் திறப்பதே அபூர்வம், அன்று எனக்காகத் திறந்தார். அவள் கேட்கவில்லை.

சரியாகப் பத்தரைக்கு அமுக்கினேன், ஹாலுக்கு ஓடிவந்து பேசிவிடுவாள் என்று மூன்றையும். அவள் நன்மைக்குத்தான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ராகு காலம் முடியட்டும் என்று தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். நம் பெண்ணைக் கேட்டு வருகிற கம்பெனி ஒன்றரை மணி நேரம் காத்திருக்காதா என்று நினைத்தேன். பன்னிரண்டு அடித்ததும் நெட்டை விட்டுவிட்டேன். அவர்கள் காத்திருக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார்களாம். இதுதான் அவர்கள் லட்சணம்.

இளமதி கண்ணெல்லாம் சிவந்து இறங்கி வந்தாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பெரிய மனுஷியான பிறகு அவள் அப்படிச் செய்ததே இல்லை, மேடம். கத்தியைத் தூரப் போட்டுவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் இரண்டு பேருமாக வீரராகவர் கோயிலுக்குப் போய், குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டோம். என் காலில் செருப்பு கடித்ததைப் பார்த்து அவள் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, வெறுங்காலில் நடந்து வந்தாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நல்ல நாள் வந்து ரொம்ப காலமாகியிருந்தது.

அடுத்தது ஹைதராபாத் கம்பெனி. அவள் ஜாக்கிரதையாகக் காலண்டரைப் பார்த்து, என்னையும் கேட்டு, நேரம் வாங்கியிருந்தாள். சாமிக்கு விளக்கேற்றி, என் காலில் விழுந்துவிட்டு மாடிக்குப் போனாள். நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பினேன். அன்று ராகு காலம் இல்லை. நல்ல நேரம்தான். அதிலும் அமுக்கினேன்.

பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. முழுக்க நிறுத்தினால் சந்தேகம் வரும், அதனால் வேகத்தை மட்டும் குறைக்கக் கற்றுக்கொண்டேன். முகம் அப்படியே நின்றுவிடும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். எங்கள் வீட்டு மாடிப்படி குரலை அப்படியே சமையல்கட்டுக்குக் கொண்டுவந்து கொட்டும். பெயர், படிப்பு சொல்லும்போது தொடமாட்டேன். தான் வரைந்த அச்சைத் திறந்து காட்டி விளக்க ஆரம்பிப்பாள் பாருங்கள், அப்போது அவள் குரல் தன்னை மறந்து மேலே ஏறும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது அப்படித்தான் ஏறும். பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த இடத்தில்தான் அமுக்குவேன். "ஹலோ, ஆடிபிளா? சார், ஆடிபிளா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் அதற்குள் வடைக்கு மாவைத் தட்ட ஆரம்பித்துவிடுவேன். இறங்கி வரும்போது சூடாக ஏதாவது இருக்கவேண்டும் இல்லையா?

போன் நெட்டில் பேசிப் பார்த்தாள். எங்கள் தெருவில் டவர் எப்போதும் பேஜாரு. அது என் கையில் இல்லை, தானாகவே நின்றது. ஓசூர் போயிற்று. கோயம்புத்தூரும் போயிற்று. கோயம்புத்தூர் என்ன தூரம் என்பீர்கள். தூரம் இல்லைதான். ஆனால் சாயங்காலம் காபிக்கு வரமுடியுமா?

ஒவ்வொரு தடவையும் பீட்டரைக் கூப்பிட்டோம். ஒயரை மாற்றினான், பெட்டியை மாற்றினான், தன் சொந்தக் காசில் வேறு ஒயர் வாங்கி வந்து போட்டான். இளமதி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். "நான் வந்து பாத்தா ஓடுதுக்கா. நான் போனா நிக்குது. என் ராசி இன்னா ராசின்னே தெரில." அவனுக்கு நாஷ்டா கொடுக்காமல் நான் ஒருநாளும் அனுப்பியதில்லை.

என் வீட்டுக்காரரிடம் கம்பெனியில் யாரோ, ஒயர் போட்டவன் வெளியிலிருந்தே உங்கள் வீட்டு நெட்டைக் கெடுக்கலாம், உள்ளே நடப்பதை வேவு பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டார்கள். அவர் என்னைக் கேட்டார். நான் பீட்டர் பெயரையே எடுக்கவில்லை. "வயசுப் பொண்ணு கீற ஊடு. எவன் மனசுல இன்னா கீதுன்னு நமக்கு எப்டிங்க தெரியும்?" என்று மட்டும் சொன்னேன். அவர் நேராக உங்களிடம் வந்துவிட்டார். விஷயம் எஸ்டேட்டில் பரவி, பெண்கள் வேலை செய்கிற இடத்தில் இவன் கேமரா போட்டிருக்கிறானே என்று பேச்சாகி, ஒவ்வொரு கம்பெனியாக அவனை நிறுத்திவிட்டது. நல்ல பையன், மேடம். தொழில் சுத்தம். உங்கள் வீட்டுக்கு அவனையே கூப்பிடுங்கள், இப்போது சும்மாதான் இருக்கிறான்.

இன்னொரு காபியா? கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

பீட்டர் சொன்ன ராசிப் பேச்சு இளமதி மனதில் விழுந்துவிட்டது. "அவர் ராசி இல்லம்மா. என் ராசி," என்றாள் ஒருநாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஜோசியரிடம் கூட்டிப் போனேன். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, நேரம் சரியில்லை, இப்போது எதில் கை வைத்தாலும் விளங்காது, வீட்டை விட்டு நகராமல் இருப்பது நல்லது என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடந்ததை மட்டும் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு என் பெண் ரொம்ப மாறிவிட்டாள். புனேயில் ராகு காலம் இல்லை என்று சிரித்தவள், காலண்டரைப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறப்பதில்லை. கையில் கயிறு, கழுத்தில் கயிறு. எதிர்வீட்டு பூமிகாவும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தவர்கள். பூமிகாவுக்கு வளைகாப்பு நடந்தது. எல்லோரும் ஒவ்வொருவராகப் போய் சந்தனம் பூசி வளையல் போட்டோம். இளமதி மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இன்னாடி அங்க நின்னுகினு? வந்து போடுடி," என்று பூமிகா கையை நீட்டினாள்.

"வேணாம் பூமி. என் கை பட்டா எதுவும் வெளங்கறதில்ல. கொழந்தைக்கு ஆவாது."

பொய் சொல்லமாட்டேன், மேடம், அந்த நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கலந்த சாதம் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தட்டு வாங்கி வாசற்படிக்கே கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தேன். தேங்காய்ச் சாதம் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் ஆறிவிட்டது.

அப்புறம் அவள் எந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போடவில்லை. எஸ்டேட் வேலையையும் விட்டுவிட்டாள், தன்னால் அவர்களுக்கு நஷ்டம் வரும் என்றாள். எங்கள் வீடு அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கீரை ஆய்வோம், சீரியல் பார்ப்போம், மத்தியானம் ஒரே பாயில் படுப்போம். நான் எது சொன்னாலும் சரிம்மா என்பாள். பொத்தானைத் தொடவேண்டிய அவசியமே எனக்கு இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நாளாக முகத்தில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது. பூமிகாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அடிக்கடி எதிர்வீட்டுக்குப் போய்வருவாள். குழந்தை வாசனை பட்டால் கல்யாண ஆசை வரும், காக்களூருக்குள்ளேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். அசதியாக இருந்திருக்கும்.

ஆகவே பீட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. நெட்டை நிறுத்தியது நான். ஒவ்வொரு தடவையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இது இளமதிக்குத் தெரியவேண்டாம். தன் ராசி கெட்டது என்று நினைத்து அவளுக்குப் பழகிவிட்டது. அந்த நினைப்போடு என் பக்கத்தில் நிம்மதியாக இருக்கிறாள். அம்மாதான் செய்தாள் என்று தெரிந்தால் குழந்தை தாங்கமாட்டாள்.

என்ன மேடம், மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

"அம்மா, இளமதிக்குத் தெரியும். நீங்க மாவுல கைய வச்சிகினு, சிலிண்டர் புக் பண்ணச் சொல்லி உங்க போனைக் குடுத்தீங்களாம். அப்போ அந்த ஆப்பைத் தொறந்து பாத்துட்டாங்க. அவங்க ரூம் பேரைப் போட்டு, எப்பெப்ப நிறுத்துனதுன்னு எல்லாம் இருந்துது. போன மாசமே தெரியும்."

போன மாசமா? போன மாசமெல்லாம் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாளே.

"எதிர்வூட்டு நெட்லதான் இன்டர்வியூ பேசினாங்க. அதே புனே கம்பெனி. வேலை கெடச்சிருச்சு. உங்க ஊட்டுக்காரர்தான் ரயிலேத்த கூட்டிகினு போயிருக்காரு. எப்டியும் பீட்டர் விஷயமா உங்கள நான் கூப்புடணும். இன்னிக்கு மத்தியானமே கூப்புடுங்க, சென்ட்ரல்ல வண்டி கெளம்புற வரைக்கும் பேச்சுக் குடுத்துகினு இருங்கன்னு இளமதிதான் கேட்டாங்க. இப்ப கெளம்பியிருக்கும்."

அவரும் சேர்ந்துதானா? அவர் வீட்டில் இவ்வளவு விஷயம் கவனிப்பார் என்று எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொள்ளாமல் போகிற அளவுக்கு அவளுக்கு என்னிடம் என்ன பயம்? நான் ஒருநாளாவது அவளை அடித்திருப்பேனா, அதட்டியிருப்பேனா? வழிக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டியிருப்பேன். புனேயில் குளிர் என்கிறார்கள், என் போர்வையையே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நானே சந்தோஷமாக அனுப்பிவைத்திருப்பேனே, மேடம்.